முரண் இல்லை

இரவு பதினொன்று ஐம்பத்தொன்பதுக்கு வீட்டுக்குப் போகிறவர்கள் ஊரில் நாலைந்து பேர் இருக்கலாம். நூற்று நாற்பது பேர் ஒரே வாசல் வழியாக, சொல்லிவைத்தாற்போல அதே பதினொன்று ஐம்பத்தொன்பதுக்குப் போனார்கள் என்றால்? அதுவும் பத்தரை மணிக்கே பூட்டுப் போட்டுவிடுகிற வாசல் வழியாக?

ஜெனோவா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். கண்ணாடியில் கோளாறு இல்லை. முந்தின நாளின் பதிவைத் திறந்தாள். அதிலும் அப்படியே. அதற்கு முந்தின நாளும் அப்படியே. பகலெல்லாம் நின்றுகொண்டே இறால் உரித்துக் களைத்துப்போன ஜனங்கள், நடுராத்திரி வரை எங்கே ஒளிந்திருந்து, பூட்டின கதவு வழியாக எப்படி வெளியேறியிருப்பார்கள்? பேய்கள்கூட இவ்வளவு ஒழுங்காக வரிசையில் போகாது.

தூத்துக்குடிக்கு வெளியே, உப்பளங்களைத் தாண்டி, மீனையும் இறாலையும் உறைய வைத்துக் கப்பலேற்றுகிற அந்த வளாகத்தில் ஜெனோவாவுக்குப் பதினாலு வருஷ வேலை. பதவியின் பெயர் பதிவறைப் பொறுப்பாளர். வளாகத்தில் முன்னூற்றுப் பன்னிரண்டு பாதுகாப்புக் கருவிகள் இருந்தன. கதவு திறந்தது, கதவு மூடியது, இன்னார் போனார், இன்னார் வந்தார், அலாரம் அடித்தது, அலாரம் சும்மாவே அடித்தது என்று ஒவ்வொன்றும் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். முன்பெல்லாம் சனிக்கிழமைதோறும் அதையெல்லாம் திரட்டி, குறுந்தட்டில் ஏற்றி, சீட்டு ஒட்டி, கையெழுத்துப் போட்டு இரும்புப் பீரோவில் பூட்டி வைப்பது அவள் பொறுப்பு. யாரும் எப்போதும் எடுத்துப் பார்த்ததில்லை. ஆனாலும் அவள் ஒரு வாரம்கூட விட்டதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் புதுச் சட்டம் வந்தது. அதோடு கூடவே தானியங்கிக் காப்பகம் வந்தது. பதிவுகளைத் தானே திரட்டி, தானே சுருக்கி, தானே முத்திரை வைத்துவிடும். தொழிலாளிகள் அதற்கு 'மூட்டைக்காரர்' என்று பேர் வைத்தார்கள். லீவு கேட்காமல் மூட்டை கட்டுகிற ஆள் என்பதால் 'ர்' போட்டு மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

மூட்டைக்காரரின் சாமர்த்தியம் மூட்டை கட்டுவது மட்டுமில்லை. பழைய நாளில் வழக்கு என்று வந்தால் கதவு ஒன்று சொல்லும், கேமரா ஒன்று சொல்லும், வக்கீல்களுக்குக் கொண்டாட்டமாக இருக்கும். அதனால் சட்டம் என்ன சொன்னதென்றால், கருவிகள் ஒன்றுக்கொன்று மாறிப் பேசினால் காப்பகமே விசாரித்து, நடந்தது இதுதான் என்று ஒரே கதையாக எழுதிவிட வேண்டும். மூலப் பதிவு நாற்பது நாள் இருக்கும். அப்புறம் அது அழிந்துவிடும். முத்திரை வைத்த கதைதான் கோர்ட்டில் செல்லும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் மூட்டைக்காரர் ஒரு குறிப்பு எழுதுவார். சிக்கல் இல்லாத வரிக்கு 'முரண் இல்லை'. சிக்கலைத் தானே தீர்த்த வரிக்கு 'முரண் நீக்கப்பட்டது'.

ஜெனோவா இதையெல்லாம் இப்போது உட்கார்ந்து படிப்பதற்குக் காரணம் பலவேசம் அண்ணாச்சி.

முப்பத்தாறு நாளைக்கு முன், மாலை ஐந்து ஐம்பத்தைந்துக்கு, மூன்றாம் குளிர்கிடங்கில் அம்மோனியாக் குழாய் வெடித்தது. எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து வாசலுக்கு வெளியே கூடினார்கள். வாசல் பலகையில் அந்தக் கிடங்கின் ஆள் கணக்கு சிவப்பு எழுத்தில் எரிந்தது. உள்ளே ஒருவர், பெயர் லூர்து. அந்தக் கிடங்கில் மற்றவர்கள் எல்லாம் அன்று ஓவர்டைம் நிற்க, லூர்து மட்டும் பத்து நிமிஷத்துக்கு முன்பே வேலை முடிந்து போய், பஸ் ஸ்டாப் கடையில் டீயும் முறுக்குமாக நின்றான். அது அங்கே யாருக்கும் தெரியாது. அவனோடு ஒரே மேசையில் வேலை பார்க்கிற கந்தையா, துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே ஓடினார். இல்லாத ஆளைப் பதினாலு நிமிஷம் தேடினார். அவரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நுரையீரல் வெந்திருந்தது. அன்று முதல் ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு கிடக்கிறார்.

யார் தப்பு? காப்பகத்தைத் திறந்தார்கள். ஐந்து நாற்பத்திரண்டுக்கு லூர்து வெளியிலிருந்து உள்ளே வந்தார் என்று இருந்தது. அதற்குமுன் டீ குடிக்கப் போயிருக்கலாம் என்று ஊகம் வேறு. அதன்பின் அவர் வெளியேறியதாகப் பதிவு இல்லை. ஆகவே வாசல் காவலர் பலவேசம் அவரைப் பதியாமல் வெளியே விட்டிருக்கிறார். லூர்து, "நான் ஒரே தடவதான் சார் போனேன், திரும்ப உள்ள வரவே இல்ல" என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். காவலரைக் காப்பாற்றப் பார்க்கிறான் என்று அதையும் பலவேசத்தின் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள்.

இருபத்திரண்டு வருஷம் அந்த வாசலில் நின்ற மனுஷனை வாசலைவிட்டு எடுத்து, விசாரணை முடியும்வரை தினமும் வந்து பதிவறை நடையில் ஒரு ஸ்டூலில் உட்காரச் சொன்னார்கள். திங்கட்கிழமை விசாரணை. காப்பகம் சரியானதுதான் என்று ஜெனோவா சான்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால், அன்றைக்கே அவரைப் போலீசில் ஒப்படைப்பார்கள். மூலப் பதிவு அழிகிற நாற்பதாம் நாளும் அதே திங்கட்கிழமைதான்.

"அண்ணாச்சி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. லூர்து அன்னிக்கு ரெண்டு தடவ போனானா?"

"எனக்கு ஒரு தடவ பாத்த ஞாவம்தான் தாயி." அவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆனா மிஷினு பொய் சொல்லுமா? அதுக்கு என் மேல என்ன கோவம்? நாந்தான் எங்கயோ கண்ண அசந்திருக்கேன். வயசாவுதுல்லா."

அதுதான் ஜெனோவாவுக்குப் பொறுக்கவில்லை. திட்டினால் திருப்பித் திட்டுகிற மனுஷன் இப்படித் தன் கண்ணையே சந்தேகப்பட்டு உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியாதா? மேனேஜர் வேறு, குற்றம் சாட்டப்பட்டவரோடு வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்று அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். பேசத்தானே கூடாது, படிக்கலாமே என்று அவள் லூர்துவின் மூன்று வருஷப் பதிவையும் திறந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் அந்தப் பதினொன்று ஐம்பத்தொன்பது கண்ணில் பட்டது. லூர்து மட்டும் இல்லை, கந்தையா அப்படி, சமையல்கட்டு ராசாத்தி அப்படி, பதிவறை ஜெனோவாவே அப்படி. தினமும் மாலை ஆறுக்கு வீட்டில் அரிசி களைகிறவள், காப்பகத்தின்படி நடுராத்திரி வரை ஆபீசில் இருந்திருக்கிறாள். அவளுடைய வீட்டுக்காரர் இதைப் படித்தால் என்ன நினைப்பார் என்று ஒரு கணம் சிரிப்புக்கூட வந்தது.

மத்தியானச் சோற்றை மறந்துவிட்டுப் பெயர்களைத் தனித்தனியாகப் பிரித்தாள். வளாகத்தில் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள் அறுபது பேர். பிரதான், மண்டல், பெஹரா. அவர்களில் ஒருத்தருக்குக்கூடப் பதினொன்று ஐம்பத்தொன்பது இல்லை. எல்லாரும் ஐந்து முப்பத்தாறு, ஐந்து நாற்பது என்று ஒழுங்காக வீட்டுக்குப் போயிருந்தார்கள். ராத்திரி வரை தங்குகிறவர்கள் எல்லாம் தமிழர்கள். இது என்னடா கூத்து, மூட்டைக்காரருக்குச் சாதி, பாஷை எல்லாம் தெரியுமா?

தமிழர்களிலும் ஒரே ஒரு ஆள் மட்டும் தினமும் சரியாகப் போயிருந்தான். ஐஸ் உடைக்கிற டேனியல். அவனிடம் மட்டும் அப்படி என்ன இருக்கிறது என்று ஜெனோவா பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். யோசிக்க வேண்டியது அவனிடம் இல்லாததைத்தான் என்று கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. டேனியலுக்குப் பிறவியிலிருந்தே பேச்சு வராது.

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். மணி ஐந்தரை. பகல் ஷிஃப்ட் வெளியே பொங்கி வழிய, மாலை ஷிஃப்ட் அதை இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தது. தூணில், காவலர் ஆபத்தில் கத்தினால் கேட்பதற்காக வைத்த சின்ன மைக் ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

"வாரேன் அண்ணாச்சி."

"வாரோம்க்கா."

"வரட்டா?"

"சல்த்தா ஹூன் பாய்" என்று, போகிறேன் என்பதை இந்தியில் சொன்னபடி ஒரு பெஹரா போனான்.

"வாரேன். நாளைக்குப் பாப்போம்."

வெளியே போகிற ஒவ்வொருத்தரும் வருவதாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். பிறந்ததிலிருந்து கேட்கிற வார்த்தை. போகிறேன் என்று சொல்லக் கூடாது என்று சின்ன வயதில் அம்மா கையால் வாயில் ஒரு அடி வாங்கியதுகூட அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அந்த வார்த்தையை ஒரு மைக்கின் பக்கத்தில் நின்று, மைக்கின் காதால் அவள் இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டாள்.

மறுநாள் காலை, காப்பகத்தைப் பராமரிக்கிற சென்னைக் கம்பெனிக்குப் போன் போட்டாள். திரையில் விஷ்வேஷ் என்ற பொறியாளர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தார்.

"அது தப்பு பண்ணாது மேடம். கோடிக்கணக்கான வாக்கியத்தைக் கேட்டுக் கத்துக்கிட்ட சிஸ்டம்."

"சரி தம்பி. வாசல்ல ஒரு ஆளு போறாரா வாராரான்னு அதுக்கு எப்படித் தெரியுது?"

"பாஸ் அட்டை பாக்கெட்ல இருந்தாலே யாருன்னு தெரிஞ்சிடும். ஆனா எந்தப் பக்கம் நடக்கறார்னு அட்டைக்குத் தெரியாது. அதுக்கு ரெண்டு ஒளிக்கோடு இருக்கு. எது முதல்ல மறையுதுன்னு பாத்துச் சொல்லும்."

"கூட்டம் ரெண்டு பக்கமும் இடிச்சிக்கிட்டுப் போனா?"

"குழம்பிடும். அப்போதான் மைக்கைக் கேக்கும். ஆள் என்ன சொல்றார்னு பாத்து முடிவு பண்ணும். யாரும் ஒண்ணும் பேசலைன்னா அந்த ஆளோட வழக்கமான நேரத்தை வச்சு முடிவு பண்ணும். அருமையான லாஜிக் மேடம் அது."

"வரேன்னு சொன்னா?"

"வரேன்னா உள்ளே வரார். வருகை."

"தம்பி, இன்னைக்குக் காலைல வீட்டுல இருந்து கெளம்பும்போது அம்மாகிட்ட என்ன சொல்லிட்டுக் கெளம்புனிய?"

விஷ்வேஷ் வாயைத் திறந்தார். மூடினார். அவருக்குப் பின்னால் யாரோ காபி கலக்குகிற சத்தம் கேட்டது.

"வரேம்மான்னு சொன்னேன்" என்றார் கடைசியில்.

"சொல்லிட்டு வீட்டுக்குள்ளயா போனிய?"

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு எதையோ தட்டினார், படித்தார், மறுபடி தட்டினார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறியது.

"அந்தப் பதினொண்ணு அம்பத்தொம்பது என்ன கணக்கு தம்பி?"

"அது வந்து மேடம், மறுநாள் காலைல அந்த ஆள் திரும்பவும் உள்ளே வருவார் இல்லையா. ஏற்கெனவே உள்ளே இருக்கற ஆள் எப்படி மறுபடி உள்ளே வர முடியும்? அப்போ நேத்து எப்பவோ வெளியே போயிருக்கணும். அதனால நேத்தோட கடைசி நிமிஷத்துல ஒரு வெளியேற்றம் எழுதிச் சரிக்கட்டிடுது. தினமும் காலைல எல்லாம் சரியாயிடறதால யாருக்கும் தெரியல."

"சாயங்காலம் வெளிய போன ஆள விடிய விடிய உள்ளயே வச்சிருக்கு. நடுவுல விபத்து வந்தாத்தான் அது வெளிய தெரியும்."

"ஆமா."

"எங்க கந்தையாவுக்குத் தெரிஞ்சிட்டு."

ஜெனோவாவுக்குக் கோபமாக வந்தது, ஆனால் யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. இந்தப் பிள்ளை வேண்டுமென்றா செய்தது? வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தார்கள். எந்த நேரத்தில், எந்தப் பக்கம் பார்த்துச் சொல்வார்கள் என்று சொல்லிக் கொடுக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தோன்றவேண்டிய அவசியம் இல்லாத அளவுக்கு அது பழகிப்போன வார்த்தை.

"இந்த மூட்டைக்காரரு இன்னும் எத்தன எடத்துல இருக்காரு தம்பி?"

"நானூறு இடம் இருக்கும். ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், ரெண்டு மூணு ஜெயில்." குரலைத் தாழ்த்தினார். "முத்திரை வச்சதை நான் மாத்த முடியாது மேடம். சட்டம் விடாது. ஆனா மூலப் பதிவு நாப்பது நாள் இருக்கும். பதிவறைப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டுக் கேட்டா அந்த ஒலித்துண்டை எடுத்துக் குடுத்தே ஆகணும். முப்பத்தேழு நாள் ஆயிடுச்சு. இன்னைக்கே கேளுங்க."

கேட்டாள். சனிக்கிழமை காலை பத்தரைக்கு அது வந்தது. மூன்று விநாடி நீளம். செருப்புச் சத்தங்களுக்கும் ஸ்கூட்டர் உறுமலுக்கும் நடுவில் லூர்துவின் குரல், "வாரேன் அண்ணாச்சி." அதற்குப் பதிலாகப் பலவேசத்தின் குரல், "வா, வா." ஜெனோவா அதை ஆறு தடவை போட்டுக் கேட்டாள். கடைசித் தடவை கண் கலங்கிவிட்டது. உடனே விசாரணை அதிகாரிக்கு நாலு பக்கம் எழுதி, பதினொன்று ஐம்பத்தொன்பதுகளின் பட்டியலையும் ஒலித்துண்டையும் சேர்த்து அனுப்பினாள்.

மத்தியானம் மூன்று மணிபோல பலவேசம் பதிவறைக் கதவருகே வந்து நின்றார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார்.

"கந்தையாவுக்கு மறுபடியும் மூச்சு மோசமாயிட்டாம் தாயி. காலைல போயிருந்தேன். அவரு வீட்டம்மா என்ன உள்ள விடல."

"சரியாயிரும் அண்ணாச்சி."

"அந்தப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டியா?"

ஜெனோவாவுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அதிகாரியின் பதில் இன்னும் வரவில்லை. உறுதியாகத் தெரியாமல் ஆசை காட்டி, அப்புறம் இல்லை என்று ஆகிவிட்டால் இந்த மனுஷன் தாங்குவாரா? மேனேஜர் சொன்னதும் ஒரு பக்கம் உறுத்தியது. உள்ளுக்குள் சந்தோஷத்தைப் பொத்தி வைத்துக்கொண்டு, "திங்கக்கிழம பாத்துக்கலாம் அண்ணாச்சி, விடுங்க" என்றாள்.

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு அவர் ஸ்டூலுக்குப் போனார்.

அதிகாரியின் பதில் ஐந்து பத்துக்கு வந்தது. ஒலிப்பதிவு ஏற்கப்பட்டது, காவலர் பலவேசத்தின் மீது தவறு காண முகாந்திரம் இல்லை, காப்பகத்தின் மீது தனி விசாரணைக்குப் பரிந்துரைக்கப்படும். ஜெனோவா அதை அச்செடுத்துக்கொண்டு நடைக்கு ஓடினாள். ஸ்டூல் காலியாக இருந்தது. சனிக்கிழமையாயிற்றே, சீக்கிரம் கிளம்பியிருப்பார். போன் போட்டாள், அணைத்து வைத்திருந்தார். சார்ஜ் போடுகிற பழக்கமே அவருக்குக் கிடையாது. நாளைக்குப் பூசை முடிந்ததும் வீட்டுக்கே போய், பலகாரம் வாங்கிக்கொண்டு போய்ச் சொல்லலாம் என்று தீர்மானித்தாள்.

கிளம்பியிருக்கலாம். ஆனால் மூளையில் ஒரு அரிப்பு. வாரேன் என்று சொன்னவர்களை எல்லாம் பார்த்தாயிற்று. மூன்று வருஷத்தில் யாராவது ஒரு தமிழ் ஆள் அந்த வாசலில் நின்று போறேன் என்று சொல்லியிருப்பாரா? வெறும் ஆர்வம்தான். முத்திரை வைத்த வெளியேற்ற வரிகளில் மட்டும் மூட்டைக்காரர் தான் கேட்ட சொல்லையும் எழுதி வைப்பார்; அவற்றில் அந்தச் சொல்லைத் தேடச் சொன்னாள்.

ஏழு பேர் வந்தார்கள்.

முதல் பேர் சரோஜினி. மேஸ்திரியோடு சண்டை போட்டு, ஏப்ரனைக் கழற்றி வீசிவிட்டுப் போனவள். அடுத்தது, திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பிய ஒரு டிரைவர். அதற்கடுத்து நேசமணி. ஜெனோவாவுக்கு நேசமணியை நன்றாகத் தெரியும். டாக்டர் கொடுத்த காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அன்று எல்லாரிடமும் சிரித்துச் சிரித்துப் பேசினார். பதினோராம் நாள் செத்துப்போனார். ஆறு பேர் வரையில் பார்த்தாள். அவர்களில் ஒருவர்கூட அதற்குப் பிறகு அந்த வாசலில் நுழைந்ததாகப் பதிவே இல்லை. வாரேன் என்று சொன்ன அத்தனை பேரையும் குழப்பியடித்த மூட்டைக்காரர், இந்த ஆறு பேர் விஷயத்தில் மட்டும் ஒரு பிசகும் இல்லாமல் எழுதியிருந்தார். வெளியேற்றம். முரண் இல்லை.

ஏழாவது வரியில் இன்றைய தேதி இருந்தது.

ஐந்து எட்டு. பலவேசம். "போறேன்." வெளியேற்றம். முரண் இல்லை.

ஜெனோவா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. செய்தி வந்தது ஐந்து பத்து. அவர் போனது ஐந்து எட்டு. மத்தியானமே சொல்லியிருந்தால்? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தால்? தன்னைத் தானே திட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"பலவேசம் அண்ணாச்சி எந்தப் பக்கம் போனாவ?"

புதுக் காவலர் யோசித்தார். "வலப்பக்கம்க்கா. பஸ் ஸ்டாப்பு இந்தப் பக்கம்லா அண்ணாச்சின்னேன். காதுல வாங்கல. தூணப் பாத்துக் கும்புட்டுட்டுப் போறாவ."

வலப்பக்கம் உப்பளமும், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற பழைய தோணிப் பாலமும்தான். அதற்கு மேல் கடல்தான். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன. மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வாயில் வேறு எதுவும் வரவில்லை.

அவர் பாலத்தின் கடைசிக் கல்லில் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, அதன்மேல் போனையும் பாஸ் அட்டையையும் வைத்திருந்தார். காலுக்குக் கீழே தண்ணீர் கறுப்பாக அசைந்தது. ஜெனோவா கத்தவில்லை. கத்தினால் என்ன ஆகுமோ என்று பயமாக இருந்தது. மெதுவாக நடந்து போய், கைக்கு எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி."

அவர் திரும்பிப் பார்த்தார். வெட்கப்பட்டவர்போல முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ எதுக்கு இங்கன வந்த தாயி?"

"ஒரே ஒரு கேள்வி கேக்கணும். அன்னைக்கு லூர்து போகும்போது ஒங்ககிட்ட என்ன சொல்லிட்டுப் போனான்?"

"எல்லாரும் சொல்லுததத்தான் சொன்னான். வாரேன் அண்ணாச்சின்னான்."

"அதான். அவன் வாரேன்னான், மிஷினு உள்ள வாரான்னு எழுதிட்டு. மூணு வருசமா எல்லாரையும் அப்படித்தான் எழுதிருக்கு, என்னையும் சேத்து. நீங்க கண் அசரல அண்ணாச்சி. நீங்க பாத்ததுதான் சரி. இந்தா, அதிகாரியே ஒத்துக்கிட்டு எழுதிருக்காவ."

காகிதத்தை வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். அப்புறம் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, இத்தனை வயசான மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஜெனோவா அவர் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "மத்தியானமே சொல்லிருக்கணும் அண்ணாச்சி. என் புத்திய என்ன சொல்ல" என்று அவளும் அழுதாள்.

அழுகை அடங்கியதும் அவர் கேட்டார். "நான் இங்கன இருப்பேன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. "வாசல்ல போறேன்னு சொன்னிய. அது எழுதி வச்சிருந்து."

பலவேசம் கடலைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒரு சிரிப்பு மாதிரி வந்தது.

"ஊரே சொன்னது அதுக்கு வெளங்கல. நான் சொன்னது மட்டும் எப்படி வெளங்கிட்டு பாத்தியா?"

ஜெனோவா போனையும் அட்டையையும் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். அவருடைய செருப்புகளைக் கையில் எடுத்து அவர் பக்கம் நீட்டினாள்.

"ஏய், விடு விடு, என் செருப்ப நீ எடுக்கதா? என்ன பழக்கம் இது!" அவர் பதறிப்போய்க் கால்களைத் தண்ணீர்ப் பக்கமிருந்து இழுத்துக்கொண்டு எழுந்தார். அவள் கையிலிருந்து செருப்பைப் பிடுங்கி, அவரே போட்டுக்கொண்டார்.